சாமி பக்கத்தில் வைத்த கேஜ்

திங்கட்கிழமை காலை பட்டறைக்குள் நுழைந்ததும் அவன் கேட்கும் முதல் கேள்வி, "நான் பர்மனென்ட்டா?" என்பதுதான்.

"இன்னும் இல்லப்பா. ஆயுத பூசை அன்னிக்கு மொதலாளி பாய் சொல்லுவாரு."

"சரி" என்று தன் பெஞ்சுக்குப் போய்விடுவான். அடுத்த திங்கட்கிழமையும் அதே கேள்வி, அதே பதில், அதே "சரி".

எண்பதுகளின் தொடக்கம் அது. உப்பளம் பகுதியில், தண்ணீர் பம்புக்கு புஷ் என்கிற உலோக வளையம் கடைந்து தரும் சின்னப் பட்டறை. பாலிடெக்னிக் முடித்த கையோடு சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தேன். அப்பா மில் தொழிலாளி. அண்ணன்கள் இருவரும் அவர் பின்னாலேயே மில்லுக்குப் போனவர்கள். எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால், எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று முதலியார்பேட்டையில் எங்கள் தெரு முழுக்க அம்மா சொல்லி வைத்திருந்தாள். பட்டறை மேஸ்திரி மட்டும் அதை நம்பவில்லை. "வாங்க முசே" என்றுதான் என்னை வரவேற்பார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் துரைமாருக்குக் கொடுத்த மரியாதை. எனக்கு வரும்போது அதில் முக்கால்வாசி கேலி.

அந்தத் திங்கட்கிழமைக் கேள்விக்காரனுக்கும் என் வயதுதான். அவனுடைய அக்கா அழைத்து வந்து விட்டாள். மர வாடியில் ஒரு மாதம், ரொட்டிக் கடையில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தவன். "ஒண்ணொண்ணா சொல்லுங்க சார், செய்வான். நாலு ஒண்ணா சொன்னீங்கன்னா நின்னுடுவான். சத்தம் ஆவாது. அவன் சாமான யாரும் தொடக்கூடாது. மத்தபடி தங்கம்" என்றாள். ஆஸ்பத்திரியில் காட்டினார்களாம். இது நோய் இல்லை, இவன் இப்படித்தான் என்று டாக்டர் அனுப்பிவிட்டாராம். "இதையும் தொலைச்சான்னா அப்புறம் யாரும் கூப்பிட மாட்டாங்க சார்" என்று மட்டும் தணிந்த குரலில் சொன்னாள்.

கடைந்த புஷ்ஷின் துளை அளவு சரியா என்று பார்க்கும் வேலையை அவனுக்குக் கொடுத்தேன். அதற்கு கேஜ் என்று ஓர் எஃகுத் துண்டு, தனி டப்பாவோடு. அதன் ஒரு முனை துளைக்குள் நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. இந்த வேலை அவனுக்குப் பிடித்துப்போனது. எனக்குத்தான் பேசக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. "இத முடிச்சிட்டு, அந்தத் தட்ட எடுத்துக்கினு, போற வழியில ஸ்டோர்ல ஒரு வார்த்த சொல்லிட்டு வா" என்று சொல்லிப் பழகிய வாய். அவன் முதல் வேலையை முடித்துவிட்டு அப்படியே நிற்பான். "கொஞ்ச நேரத்துல வரேன்" என்றால், "கொஞ்ச நேரம்னா எவ்ளோ?" என்பான். பாலிடெக்னிக்கில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி.

டீ நேரத்துக்கு வாட்ச்மேன் தண்டவாளத் துண்டில் அடிப்பார். அடித்தால் அவன் தூக்கிவாரிப் போட்டதுபோல எழுந்து காதைப் பொத்திக்கொள்வான். அடிப்பதற்கு முன்னால் ஒரு சாடை காட்டுங்கள் என்று கேட்டேன். வாட்ச்மேன் அன்றிலிருந்து தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் அடித்தார். அவன் முன்னதாகவே காதைப் பொத்திக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தான். ஆனால் துண்டு ஆடியதுமே பட்டறை மொத்தமும் எழுந்து டீக்குப் போய்விட்டது.

"முசே, உங்க புண்ணியத்துல இந்த ஊர்லயே துண்டுக்கு டீ குடிக்கிற பட்டற நம்ம பட்டறதான்" என்றார் மேஸ்திரி.

இப்படியே ஓடி ஆயுத பூசை வந்தது. பட்டறையைக் கழுவி, காகிதத் தோரணம் கட்டி, எல்லோருடைய சாமான்களையும் படத்துக்கு முன்னால் பரப்பிச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பூசையில் வைத்த சாமானை அன்று தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுத்து வேலை தொடங்க வேண்டும். முதலாளி பாய் பூசைச் செலவுக்குப் பணம் கொடுத்துவிட்டு, பூசை முடிகிற நேரத்துக்கு வருவார். போனஸ் கொடுத்து, யார் பர்மனென்ட் என்று சொல்லி, பொரி சுண்டல் பொட்டலத்தை வீட்டுக்கு எடுத்துப் போவார். வருடா வருடம் நடப்பதுதான். அதனாலேயே அவனுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

இதில் மேஸ்திரி ஒரு காரியம் செய்திருந்தார். பையன் ஒழுங்காக வேலை பார்க்கிறானே என்று அவனுடைய கேஜை மட்டும் தன் கையால் எடுத்துப்போய், சாமி படத்தை ஒட்டி, தன்னுடைய சாமானுக்கும் மேலே வைத்து, எல்லாவற்றையும்விடப் பெரிய பொட்டாக இட்டிருந்தார்.

அவன் வந்தபோது ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. பெஞ்சில் டப்பா மட்டும் காலியாக இருந்தது.

"என் கேஜ் எங்க?"

"அங்க பாருடா, சாமி பக்கத்துலயே!" என்றார் மேஸ்திரி, முகமெல்லாம் சிரிப்பாக.

அவன் நேராகப் போய்க் கையை விட்டு எடுத்தான். குங்குமத் தட்டு கவிழ்ந்தது. தேங்காய் உருண்டு லேத்துக்கு அடியில் போனது. சட்டை நுனியால் சந்தனத்தைத் துடைக்க ஆரம்பித்தான். ஆளாளுக்குக் கத்தினார்கள். அவன் கேஜை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, காதைப் பொத்தி, சுவரோரம் குந்திவிட்டான்.

மேஸ்திரியின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. "எம் பொருளக்கூட கீழ வச்சேன். பூசைல வச்சத எடுக்குறவன் எனக்கு வேணாம். பாய் வரட்டும், நானே சொல்லிடுறேன்." மேஸ்திரி வேண்டாம் என்றால் பாய் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

நான் போய் ஒலிபெருக்கியின் பிளக்கைப் பிடுங்கினேன். பட்டறை கப்பென்று அடங்கியது. அவன் கை காதிலிருந்து இறங்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"இன்னிக்கு வேலை இல்ல."

"சரி."

"கேஜுக்கும் லீவு."

"சரி."

"அது இன்னிக்கு சாமிகிட்ட இருக்கும்."

"அது அதோட எடம் இல்ல."

"இன்னிக்கு எல்லா சாமானும் சாமிகிட்டதான் இருக்கும்."

அவன் நிமிர்ந்து பட்டறையைப் பார்த்தான். "லேத்து அங்கதான இருக்குது?"

மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. "லேத்த எவன்டா தூக்கியாருவான்?"

"அப்ப லேத்துக்குப் பூச இல்லியா?"

"ஏன் இல்லாம? கற்பூரத் தட்டு அது நிக்கிற எடத்துக்குப் போவும்ல…" சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வாட்ச்மேன்தான் முதலில் சிரித்தார். "மாட்டிக்கினீங்களே மேஸ்திரி!" அப்புறம் பட்டறை முழுக்கச் சிரிப்பு. மேஸ்திரி சிரிக்கவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். நான் வச்ச சந்தனத்த ஏன்டா தொடச்ச?"

"சந்தனம் இருந்தா நுழையாது."

இதை மேஸ்திரி மறுக்க முடியாது. கேஜில் தூசி படிந்திருந்தால் எங்களைக் கிழி கிழி என்று கிழிப்பவர் அவர். குனிந்து, அவன் கையிலிருந்ததைத் தொடாமல் பார்த்தார். பள்ளத்தில் இன்னும் கொஞ்சம் சந்தனம் ஒட்டியிருந்தது. இடுப்பில் சொருகியிருந்த எண்ணெய்த் துணியை எடுத்து நீட்டினார். "சட்டைல தொடைக்காத. இதுல தொடச்சிடு." பிறகு, "டப்பா மேலயாவது ஒரு பொட்டு வைக்கலாமா தொரை?" என்றார்.

"டப்பா மேல வைக்கலாம்."

கேஜ் அவன் பெஞ்சில், அதன் டப்பாவுக்குள் படுத்தது. மூடிமேல் ஒரு பொட்டு. பூசை ஆரம்பித்தபோது அவன் உள்ளே இல்லை. மணியும் புகையும் ஆகாது என்று வெளியே சைக்கிள்கள் பக்கம் நின்றுகொண்டான். யாரும் கூப்பிடவில்லை. மேஸ்திரி கற்பூரத் தட்டோடு ஒவ்வொரு மெஷினாகப் போனார். அவன் பெஞ்சுக்கு வந்தபோது ஒரு சுற்று கூடவே சுற்றினார் என்று நினைக்கிறேன்.

பாய் வந்தார். போனஸ் கொடுத்து முடித்துவிட்டு, "என்னா மேஸ்திரி, அந்தத் தம்பி எப்டி?" என்றார்.

கவிழ்ந்த குங்குமம் தரையில் இன்னும் சிவப்பாகக் கிடந்தது. நான் மேஸ்திரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மீசையைத் தடவினார். "வேலைக்கு நான் கேரண்டி பாய். வாய்க்கு முசே கேரண்டி."

பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் தலையாட்டினார். ஆள் எங்கே என்று கேட்டார். கூப்பிடட்டுமா என்றதற்கு, வேண்டாம் என்று தானே சைக்கிள்கள் பக்கம் நடந்தார். நானும் கூடப் போனேன்.

"தம்பி, நீ பர்மனென்ட்."

அவன் பாயின் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி, "இன்னிலேந்தா, நாளைலேந்தா?" என்றான்.

"இன்னிலேந்துதான்."

"இன்னிக்கு வேலை இல்லியே."

பாய் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? "அப்ப நாளைலேந்தே வச்சுக்க" என்று சிரித்துவிட்டார்.

"சரி" என்றான். உள்ளே போய் டப்பாவைத் திறந்து பார்த்து, மூடி, பொட்டுப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்தான். அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்குக் கிளம்பினான். வாசல் வரை போனவனை மேஸ்திரி விடவில்லை.

"டேய் பர்மனென்ட்டு! பொரி சுண்டல் வாங்கிக்கினு போடா!"

அவன் திரும்பி வந்து கையை நீட்டினான். "பொரி மட்டும்."