காக்கா தொடாத இலை

இது நடந்தது. நம்பாதவன் சங்கரன்கோவிலுக்கு வந்து மருதப்பனிடமே கேட்டுக்கொள்ளட்டும். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற ஆள் நான் இல்லை.

மருதப்பனுக்கு ஒரே மகள், பிரேமலதா. மூன்று வருடத்துக்கு முன்னால் வேறு சாதிப் பையன் பாண்டிராஜைக் கட்டிக்கொண்டு புளியங்குடிக்குப் போய்விட்டாள். இவன் என்ன செய்தான்? உயிரோடு இருக்கிற மகளுக்குத் தலை முழுகினான். மொட்டை போட்டான். அவள் படத்தைச் சுவரில் மாட்டி மாலை போட்டான். வருடா வருடம் அதே நாளில் இலை போட்டுப் படையலும் வைத்தான்.

அந்தச் சோற்றைக் காக்கா தொடாது. மதிலில் உட்கார்ந்து பார்க்கும்... பறந்துவிடும்.

"வே மருதப்பா, ஆளு செத்தாத்தானவே காக்கா தொடும்?" என்று நானே கேலி செய்தேன்.

"எனக்கு அவ செத்தவதான் வே" என்றான்.

இந்தச் சித்திரையிலும் வைத்தான். உச்சி வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

டக்... டக்...

கதவைத் திறந்தான். பிரேமலதா நின்றாள்.

"பசிக்குதுப்பா."

மூன்று வருட வீம்பு அந்த ஒரு சொல்லில் உடைந்துபோனது.

"உள்ள வா மக்கா."

வந்தாள். காலடிச் சத்தம் இல்லை. நேராகப் போய்ப் படையல் இலை முன்னால் உட்கார்ந்தாள்.

"அது வேண்டாம்ட்டி. வேற இலை போடுதேன்."

அவள் அள்ளித் தின்ன ஆரம்பித்துவிட்டாள்.

அப்போதுதான் கவனித்தான். அந்த வெயிலில் வந்தவள் முகத்தில் ஒரு துளி வேர்வை இல்லை. உடம்பில் படத்தில் இருக்கிற அதே மஞ்சள் சேலை. நெற்றியில் சந்தனம்... காலையில் படத்துக் கண்ணாடியில் அவன் வைத்தது. அவன் விரல் இழுத்த அதே கோணல்.

செல்போன் அடித்தது.

"அப்பா, நான் பிரேமா. போன வச்சிராதிய. பிள்ளையத் தூக்கிக்கிட்டு வரட்டுமா? ஒங்களப் பாக்கணும்போல இருக்கு."

அவள் குரலேதான்.

இலை முன்னால் இருந்தவள் தலை தூக்கினாள்.

"யாருப்பா?"

மருதப்பனுக்கு வாய் குழறியது. போனில் கேட்டுவிட்டான்:

"எம் மக இங்க சாப்பிடுதா. நீ யாருட்டி?"

மறுமுனையில் போனை வைத்துவிட்டாள்.

திரும்பினான்.

ஆள் இல்லை.

இலை மட்டும் இருந்தது. துடைத்து வைத்ததுபோல.

மறுநாள் காலையில் புளியங்குடிக்குப் பஸ் ஏறினான். கையைக் காலைப் பிடித்தாவது மகளைக் கூட்டி வந்துவிட வேண்டும்.

கதவு ஒரு சாண் திறந்தது. இடுப்பில் பிள்ளையோடு பிரேமலதா. கழுத்தெல்லாம் வேர்வை. இவள்தான் மகள்.

அவளுக்குப் பின்னால் சுவரில் அவன் படம்.

புது மாலை.

உள்ளே சோறு பிசையும் சத்தம்...

"எங்கப்பா உள்ள சாப்பிடுதாவ" என்றாள். "நீங்க யாரு?"

கதவு சாத்திக்கொண்டது.

பாண்டிராஜ் பிறகுதான் சொன்னான். முந்தின நாள் போனை வைத்ததும், பிரேமலதா அழுதுகொண்டே போய்த் தலை முழுகினாளாம். விடிந்ததும் அப்பாவுக்கு இலை போட்டாளாம்.

காக்கா தொடவில்லையாம்.

கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்களாம்.