பாதிக் கிணறு

என் மச்சாளை எனக்குப் பிடிக்காது. இப்போதும் பிடிக்காது. என் கணவரின் அக்கா அவர். கடற்கரை ஊரான கொழும்புத்துறையில் எங்கள் இரண்டு வளவுகளுக்கும் நடுவே ஒரு கிணறு. கிடுகு வேலி கிணற்றுக் கட்டு வரை வந்து நின்று, அந்தப் பக்கத்தில் மறுபடி தொடங்கும். பாதி எங்களுக்கு, பாதி அவருக்கு. கப்பியும் வாளியும் தனித்தனி.

அந்தக் கிணற்றுக்கு ஒரு சட்டம் இருந்தது. உள்சுவரில் வெள்ளைக் கல் ஒன்று பதித்திருந்தார்கள். கோடையில் தண்ணீர் இறங்கி அந்தக் கல் வெளியே தெரிந்துவிட்டால், குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான் அள்ளலாம். குளிக்க ஆளுக்கு ஒரு வாளி. பயிருக்கு ஒரு சொட்டும் இல்லை. மீறி இறைத்தால் கடல் உள்ளே ஏறிவிடும், மாரி மழை வரை இரண்டு வீடும் உப்புத் தண்ணீர்தான் குடிக்கவேண்டும் என்று நான் கலியாணம் முடித்து வந்த அன்றே மச்சாள் வகுப்பு எடுத்தார். வந்த களைப்புக்கு ஒரு தேத்தண்ணீர் தரவில்லை, வகுப்பு எடுத்தார்.

நான் அச்சுவேலிக்காரி, செம்மண்ணில் பிறந்தவள். எங்கள் ஊரில் அடி தெரியும்வரை இறைப்பார்கள். விடிந்தால் கிணறு மறுபடி நிறைந்திருக்கும். இறைத்த கிணறு ஊறும் என்று கேட்டு வளர்ந்த எனக்கு, இந்தக் கல் என்னை அடக்கி வைக்க மச்சாள் கட்டிய கதையாகத்தான் பட்டது.

மின்சாரம் நின்ற பிறகு வந்த இரண்டாவது கோடை அது. போரில் அரசாங்கம் போட்ட பொருள் தடையால் கடைகளில் செத்தல் மிளகாயைக் காண்பதே அரிது. குசினிக்குப் பின்னால் இருபது மிளகாய்க் கன்று வைத்திருந்தேன். வைகாசியில் பூத்துப் பிஞ்சு பிடித்தது. அதே கிழமை கல்லும் தெரிந்தது. மூன்றாம் நாள் என் கன்றுகளின் இலை தொங்கிவிட்டது. மச்சாளின் கத்தரி மட்டும் கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்டது போல நின்றது. காலையில் எட்டிப் பார்த்தால் அவருடைய பாத்தி ஈரம். கள்ளி! எனக்குச் சட்டம், தனக்கு இறைப்பு.

கேட்டிருக்கலாம். கேட்டால் மறுபடி வகுப்பு எடுப்பார். அதைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

வைகாசி முழுக்க மாலையில் கோயிலில் மாதாவுக்கு வணக்கமாதச் செபம் நடக்கும். மச்சாள் ஒரு நாளும் தவறமாட்டார். நான் கைக்குழந்தையைச் சாட்டு வைத்து வீட்டில் நின்றுவிட்டேன். அவருடைய வாசல் படலை சாத்தும் சத்தம் கேட்டதும் வாளியை இறக்கினேன். முதல் நாள் பத்து வாளி, அடுத்த நாள் இருபது, பிறகு எண்ணவில்லை. உள்ளங்கை உரிந்தது. அவர் அங்கே அருள் நிறைந்த மரியே சொல்ல, நான் இங்கே அவரைத் திட்டித் திட்டி இறைத்தேன். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லுவானேன்?

ஐந்தாம் நாள் காலை கணவர் தேத்தண்ணீரை முற்றத்தில் துப்பினார்.

"என்னப்பா, உப்பைப் போட்டிட்டீரே?"

கிணற்றடிக்கு ஓடி ஒரு வாய் அள்ளிப் பார்த்தேன். உப்பு. திரும்பிப் பார்த்தால் மிளகாய் இலைகளின் ஓரமெல்லாம் கருகியிருந்தது.

கிணற்றின் அந்தப் பக்கம் மச்சாள் வாளியுடன் நின்றார். நான் முந்திக்கொண்டேன்.

"களவாய்க் கத்தரிக்கு இறைச்சுக் கிணத்தைக் கெடுத்துப்போட்டியளே மச்சாள்!"

"கத்தரிக்கு இறைச்சனானோ? நான் பாத்திக்குள்ளை நிண்டெல்லோ குளிக்கிறனான். விடியமுன்னம், சீலையைக் கட்டி மறைச்சுக்கொண்டு. ஒரே ஒரு வாளி." அவர் எட்டி என் பாத்தியைப் பார்த்தார். இருபது கன்றின் அடியும் நனைந்து கிடந்தது. "அப்ப, உதென்ன ஈரம்?"

அதற்குள் கணவர் வந்துவிட்டார். தோட்டம் பக்கம் திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை அவர். கறியில் விழும் மிளகாயோடு அவருடைய விவசாயம் சரி.

"ஆர் செய்தது?" என்று என்னைக் கேட்டார்.

"உங்கடை அக்காதான்."

"உண்மையோ அக்கா?"

மச்சாள் தம்பியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"ஓம் தம்பி, நான்தான். உன்ரை மனிசி பொய் சொல்லுவாவே?"

அந்தக் குத்தல் எனக்குத் தைத்தது. கணவருக்குப் புரியவில்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டார். அன்றோடு அக்காவுடன் கதைப்பதை விட்டார். மாரி வந்து தண்ணீர் இனித்த பிறகும் கதைக்கவில்லை. தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து சனமெல்லாம் ஊரை விட்டு நடந்தபோது அவர் முன்னால் போனார், அக்கா பத்தடி பின்னால் வந்தார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.