ஆலப்பாக்கம் என்ற பெயரில் இரண்டு

யு.பி.எஸ். கூவுகிற சத்தம் எங்கே கேட்டாலும், வங்கியிலோ மருந்துக்கடையிலோ, எனக்குச் சிதம்பரத்தின் அந்தச் சின்ன ரத்தப் பரிசோதனை லேப் நினைவுக்கு வந்துவிடுகிறது. கரண்ட் போகும், வரும். நான்கு லினக்ஸ் கணினிகளும் பெயரில்லாமல் எழுந்திருக்கும்.

அங்கே கணினி பராமரிப்பு என் வேலை; நான்தான் அப்படி அமைத்திருந்தேன். எந்தக் கணினிக்குள்ளும் பெயரை எழுதி வைக்கவில்லை. எழுந்ததும் அது பின்னறை சர்வரைக் கேட்கும். சர்வர் அதன் நெட்வொர்க் கார்டில் பதிந்த தனி எண்ணைப் பார்த்து முகவரி கொடுக்கும், பெயர் கொடுக்கும், வீட்டுப் பெயர் போல நான்குக்கும் பொதுவான டொமைனும் கொடுக்கும். பெயர்களெல்லாம் கடலூர் பஸ் நிற்கும் ஊர்கள்: ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று. ரிசல்ட் தாளின் அடியில் அந்தப் பெயர் அச்சாகும், எந்த மேசையில் டைப் ஆனது என்று தெரிய.

ஐப்பசி இடியில் புதுச்சத்திரத்தின் கார்டு எரிந்தது. ஆலப்பாக்கத்துக்கு அப்போதுதான் புதுக் கணினி போட்டிருந்தோம். பழையதிலிருந்து கழற்றிய கார்டு என் பையில் கிடந்தது. எடுத்துச் செருகினேன். ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் வைத்து ஓட்டுவதுதானே எங்கள் பிழைப்பு. சர்வரின் கோப்பில் அந்தப் பழைய எண்ணுக்கு நேரே ஆலப்பாக்கம் என்ற வரி அழிக்காமல் இருந்தது. அழிக்க வேண்டியவன் நான். அன்று முதல் புதுச்சத்திரமும் ஆலப்பாக்கம் என்றே எழுந்தது; ஒரே பெயரில் இரண்டு கணினிகள்.

மறுவாரம் ஒரு கர்ப்பிணியின் சர்க்கரை அளவு தப்பாகப் போனது. நல்லவேளை, டாக்டர் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பினார். தாளின் அடியில் ஆலப்பாக்கம். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்துபோகும் அந்த மேசைப் பெண், தான் டைப் செய்யவில்லை என்றாள். ஓனர் என் முகத்தைப் பார்த்தார்.

“சர்வர் தப்பா சொல்லாது சார்” என்றேன்.

ஓனர் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாலாம் நாள் சர்வரில் வேறு எதையோ தேடும்போது ஆலப்பாக்கம் இரண்டு முறை கண்ணில் பட்டது. அந்தத் தாள் புதுச்சத்திரம் மேசையிலிருந்தும் வந்திருக்கலாம். ஓனரிடம் ஓடினேன். வேறு ஆள் வந்தாச்சு, கிளறாதீங்க என்றார். அன்றிரவு வெறும் சுவரைப் பார்த்தபடி கிடந்தேன். காலையில் அவளுக்குப் போன் செய்தேன். கடலூரில் ஒரு லேபுக்கு இன்டர்வியூ, பஸ் ஸ்டாண்டில் இருப்பேன் என்றாள்.

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் இருந்தாள். கீழே நின்றபடியே எல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

“மெஷின நம்பினீங்க, சரி. புது லேப்லேர்ந்து இங்க போன் போட்டுக் கேப்பாங்கண்ணே, ஏன் நிறுத்துனாங்கன்னு. இப்ப சொன்னத எழுதித் தாங்க.”

பேனாவும் அவளே கொடுத்தாள். அந்த லேபின் வேலை இன்னும் என்னிடம்தான் இருந்தது. எழுதும்போது அது போய்விடுமே என்ற நினைப்பு கையைப் பின்னுக்கு இழுத்தது. கார்டு, பழைய வரி, என் தப்பு, எல்லாம் எழுதி நீட்டினேன். வாசித்தாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. தாளை ஜன்னல் வழியே என் கையில் திருப்பித் திணித்தாள்.

“அடில ஒங்க பேரு இல்லியேண்ணே. பேரு போட்டு வாட்ஸ்அப்ல அனுப்புங்க, எறங்குறதுக்குள்ள. வரேன்.”