தைத்து முடியாத திரை

தெருவில் எல்லாரும் அவளைத் தேதியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தையல்காரர்களுக்கும் சொன்ன தேதிக்கும் ஏழாம் பொருத்தம். இவளோ கல்யாண உடுப்பானாலும் பள்ளிக்கூடச் சீருடையானாலும் சொன்ன நாளில் இஸ்திரி போட்டுக் கையில் கொடுத்துவிடுவாள். வாக்குத் தவறுவது நயவஞ்சகனின் அடையாளம் என்று இஸ்லாமிய மார்க்கம் சொல்வதைத் தையல் மெஷின் வரைக்கும் நம்பியவள் அவள்.

அவள் கணவர் பள்ளிவாசல் நிர்வாகத்தின் செயலாளர். மார்க்கம் பெண்ணுக்குக் கொடுத்த உரிமைகளைப் பற்றி மூச்சு விடாமல் பேசுவார். நடுவில் தொண்டை வறண்டால் டீ கொண்டுவருவது அவள்.

பள்ளிவாசலில் பெண்களுக்கென்று ஓர் அறை உண்டு. உடைந்த நாற்காலிகளுக்கும் பழைய கம்பளங்களுக்கும் போக மிச்சமிருக்கும் இடத்தில் தொழுதுகொள்ளலாம். ஆண்களின் கூடத்துக்கும் அந்த அறைக்கும் நடுவே கனத்த திரை. தொழுகை நடத்தும் இமாமின் குரல் கேட்க மூலையில் ஒரு ஸ்பீக்கர். அது நினைத்தால் பேசும், நினைத்தால் இருமும். மாற்றச் சொல்லிக் கணவரிடம் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்: இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம். அல்லாஹ் நாடினால் என்று அர்த்தம். நிர்வாகம் நாடவில்லை என்பது அவளுக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை, கடைசி சஜ்தாவில் எல்லாரும் நெற்றியைத் தரையில் வைத்திருந்தபோது ஸ்பீக்கர் செத்துப்போனது. இமாம் எழும்பும் சத்தம் கேட்காமல் தலையைத் தூக்கக் கூடாதே. மின்விசிறி இரைச்சலில் வேறெதுவும் காதில் விழவில்லை. இமாம் இன்று இறைவனிடம் உருகி உருகிக் கேட்கிறார் போலும் என்று எல்லாரும் அப்படியே கிடந்தார்கள். பக்கத்து வரிசை மாமி லேசாகக் குறட்டையே விட்டார். கடைசியில் தேதியக்காதான் எழுந்துபோய்த் திரையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். கூடம் காலி. ஆண்கள் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவள் கணவர் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அழுகை முட்டியது. வாரம் முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டுகிறவளுக்குச் சொந்தமென்று இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். அதிலும் நட்டாற்றில் விட்டுவிட்டார்கள்.

நிர்வாகம் அவசரமாகக் கூடிப் பேசியது. பெண்கள் யாரையும் கூப்பிடவில்லை. முடிவைக் கணவர் சாப்பாட்டு மேசையில் அறிவித்தார். ஒரு பெண் திரையைத் தூக்கி எட்டிப்பார்த்தது பெரிய தப்பாம். ஆகவே திரைக்கு உள்பக்கம் இன்னொரு துணி கொடுத்துத் தைக்க வேண்டுமாம்.

"ஸ்பீக்கரு?" என்று கேட்டாள்.

"இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம். திரையை நீயே தைச்சுக் கொடுத்துடு. நன்மை கிடைக்கும்."

கூலி கிடையாது என்பதை இவ்வளவு பக்தியாகச் சொல்ல அவரால்தான் முடியும். மறுநாளே திரையைக் கழற்றி வந்து, மடித்து, தன் தையல் கடை அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள்.

அடுத்த வெள்ளி, பெண்களின் அறைக்கு முதன்முதலாக வெளிச்சம் வந்தது. அந்தக் கணீர்க் குரலுக்குச் சொந்தக்காரரான இமாம் ஒல்லியான குட்டை மனிதர் என்று அன்றுதான் தெரிந்தது. பின்கழுத்தில் காலர் கோணலாகத் தைக்கப்பட்டிருந்ததும் தையல்காரி கண்ணுக்குத் தப்பவில்லை. அவர் குனிந்தபோது குனிந்தாள், எழுந்தபோது எழுந்தாள். அவள் கேட்டதெல்லாம் இவ்வளவுதான்.

ஆண்கள் யாருக்கும் தலையில் இடி விழவில்லை. ஆனாலும் நிர்வாகத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. அத்தனை நாள் நகராத ஸ்பீக்கர் அந்த வாரமே புதிதாக வந்து இறங்கியது. தலைவரும் செயலாளரான அவள் கணவரும் ஒன்றாகக் கடைக்கு வந்தார்கள்.

"ஸ்பீக்கரை மாத்தியாச்சும்மா. திரை எப்பக் கிடைக்கும்?" என்றார் தலைவர்.

"ஒரு தேதி சொல்லிடு" என்றார் கணவர். தலைவர் பக்கம் திரும்பி, "இவ சொன்னா சொன்னதுதான்" என்று பெருமையாகச் சேர்த்துக்கொண்டார்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இன்ஷா அல்லாஹ், பார்க்கலாங்க."

தலைவர் கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார். அந்த வார்த்தையை எந்த முகத்தோடு எதிர்த்துப் பேசுவது? தேதியக்கா இன்றுவரை சொன்ன தேதி தவறியதில்லை. திரைக்கு அவள் தேதியே சொல்லவில்லை.