இடது சீட் காலி

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், துவாக்குடி தாண்டி மூடிக்கிடக்கும் ஒரு தொழிற்சாலை வளாகத்தில் நடந்தது இது. லாரிகள் நிறுத்துவதற்காக ஒரு காலத்தில் சிமென்ட் போட்ட பெரிய மைதானம் அங்கே உண்டு. அதில் பிளாஸ்டிக் கூம்புகளை வளைத்து வளைத்து வைத்து, எப்போதாவது கார் பந்தயம் நடத்துவார்கள். பந்தயம் என்றதும் பத்துக் கார்கள் முட்டி மோதிக்கொண்டு ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான். ஆளுக்கு மூன்று சுற்று. கூம்பைத் தட்டாமல் யார் சீக்கிரம் சுற்றி வருகிறாரோ அவர் ஜெயித்தவர். வருகிறவர்கள் எல்லாரும் பொழுதுபோக்குக்காரர்கள். டாக்டர், வாத்தியார், ஹார்டுவேர் கடைக்காரர் இப்படி. ஐம்பது வயதைத் தாண்டி, துணைக்கு ஒருவரும் இல்லாமல், புடவையை விட்டுவிட்டு சுடிதாரில் ஹெல்மெட்டோடு நின்ற பொம்பளை என்றால் அது நான் ஒருத்திதான்.

நான் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் வேலை. கார் பைத்தியம் எனக்கு இல்லை, என் வீட்டுக்காரருக்கு. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால் லீவு நாளில் மற்றவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி நாங்கள் காரை எடுத்துக்கொண்டு சின்னச் சின்ன ராலிகளுக்குப் போவோம். உப்பிலியபுரம் வழியாகப் பச்சைமலை ஏறுகிற ரோடு அவருக்கு உயிர். அவர் ஓட்டுவார். நான் இடது சீட்டில் உட்கார்ந்து வழி சொல்வேன். வீட்டில் ஒரு துவரம்பருப்பு வாங்குவதில்கூட என் பேச்சைக் கேட்காத மனுஷர், அந்த சீட்டில் இருந்து நான் சொன்னால் மட்டும் மறுபேச்சுப் பேச மாட்டார். அதற்காகவே நான் போனேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் காருக்கு அவர் விசேஷமான ஷாக் அப்சார்பர் போட்டிருந்தார். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னத் திருகு இருக்கும், முன்னால் இரண்டும் பானெட்டுக்குள், பின்னால் இரண்டும் டிக்கிக்குள். வலப்பக்கம் திருப்பினால் இறுகும், இடப்பக்கம் திருப்பினால் இளகும். திருப்பத் திருப்ப 'டிக், டிக்' என்று சத்தம் வரும். இறுகினால் வளைவில் வண்டி அதிகம் சாயாது. ஆனால் அதற்குத் தகுந்த எடை உள்ளே இருக்க வேண்டும், இல்லையென்றால் டயர் தரையைப் பிடிக்காமல் துள்ளும். அவர் நல்ல கனத்த சரீரம். நான் அவரில் பாதிதான் தேறுவேன். அதனால் நாலு சக்கரத்துக்கும் நாலு கணக்கு. ஷெட்டில் காரை நிறுத்தி, டிரைவர் சீட்டில் தனக்குப் பதிலாக அரிசி மூட்டைகளை ஏற்றி வைப்பார். பக்கத்தில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு ஒவ்வொரு சக்கரமாகப் போய்த் திருகுவார். நான் வாரப் பத்திரிகை படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூட்டை பேசாமல் இருக்கிறது, நீயும் அசையாமல் இரு என்பார். மூட்டைக்கு எத்தனை மணிக்கு சோறு போட வேண்டும் என்று கேளுங்கள் என்பேன் நான்.

அந்தப் பந்தயத்துக்கு முந்தைய ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை அப்படித்தான் நாலு சக்கரத்தையும் சரி பண்ணினார். கை கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் புரியுமோ என்னவோ. அவர் கடைசியாகப் போட்டிருந்த சட்டையை என் நாத்தனார் நல்ல மனதோடு துவைத்துக் காயப்போட்டுவிட்டாள். தலையணை உறை போயிற்று. அவர் குடித்து வைத்த டம்ளரை யாரோ கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூட்டமெல்லாம் போன பிறகு ஒருநாள் ஷெட்டில் நின்றுகொண்டு யோசித்தேன். அவர் கை வைத்தபடியே அப்படியே இருப்பது இந்த நாலு திருகும்தான். அன்று முதல் பானெட்டையும் டிக்கியையும் நான் யாரையும் திறக்க விடவில்லை.

வண்டியைக் கிளப்பவும் இல்லை. எட்டு மாதம் நின்றது. "வித்துடுங்க அண்ணி, பார்க்கப் பார்க்க உங்களுக்குத்தான் கஷ்டம்" என்று நாத்தனார் போனில் வாரம் தவறாமல் சொன்னாள். அவள் சொல்வதும் நியாயம்தான். சரி, விற்றுத் தொலைக்கலாம், அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, அவர் வைத்த செட்டிங்கிலேயே, அதை எதற்காகச் செய்தாரோ அதற்கு ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. பெயர் கொடுத்தேன், போனேன்.

முதல் சுற்றில் நாலைந்து கூம்புகளைத் தட்டினேன். பழக்கமில்லாதது காரணம் என்று நினைத்தேன். இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்ததில் ஓட்டக் கற்றுக்கொண்டிருப்பேன் என்று எனக்கு ஒரு மிதப்பு வேறு இருந்தது. இரண்டாவது சுற்றில் நீளமான ஒரு இடது வளைவு. சிமென்ட் பலகைகளின் இணைப்பில் ஏறி இறங்கும்போது டயர் தடதடவென்று துள்ளியது. கொஞ்சம் வேகமாகத்தான் வந்துவிட்டேன். ஸ்டியரிங் சட்டென்று லேசாகிப் போனது. கார் நான் சொன்ன திசையை விட்டுவிட்டு நேராக வழுக்கியது, பிறகு பின்பக்கம் சுழன்று வந்தது. என்னென்னவோ கண்ணில் ஓடியது. நின்ற இடத்தில் பார்த்தால், எனக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நுழையலாம், அவ்வளவுதான் இடம். அந்தக் கம்பத்தடியில் கொடி பிடித்துக்கொண்டு நின்ற பையன் எகிறிக் குதித்து அப்பால் போய் விழுந்திருந்தான். முட்டியில் சிராய்ப்பு. இறங்கி ஓடிப்போய், அவனுக்கு வேறு ஒன்றுமில்லை என்று பார்த்த பிறகுதான் காருக்குத் திரும்பினேன்.

பந்தயம் நடத்துகிறவர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். வண்டி தரையைப் பிடிக்கவில்லை, எதையாவது சரி செய்தால் மூன்றாவது சுற்று விடுகிறேன், இல்லையென்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார். நான் காரை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒவ்வொரு காரைச் சுற்றியும் மூன்று நாலு பேர் இருந்தார்கள். ஒருவர் டயரைத் தொட்டுப் பார்ப்பார், ஒருவர் தண்ணீர் கொடுப்பார், பெண்டாட்டி போனில் படம் பிடிப்பாள். என் காருக்கு என்னைத் தவிர யாரும் இல்லை. ஒன்று சொல்லட்டுமா, அவர் செத்த அன்றைக்குக்கூட நான் இவ்வளவு தனியாக இல்லை.

அப்போதுதான் ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டினார். நாற்பது வயது இருக்கும். லால்குடியில் கணக்கு வாத்தியார் என்று பிறகு சொன்னார். என் காரைப் போலவே சின்னக் கார், என் பிரிவில்தான் ஓட்டினார். அதாவது நான் தோற்றால் அவருக்கு லாபம். இரண்டு சுற்றையும் வளைவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாராம்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். வலது பக்கம் திரும்புறப்ப ஓரளவு நல்லாத்தான் போகுது. இடது பக்கம் திரும்பினா உள்பக்கச் சக்கரம் தரையிலேயே படலைங்க. இது ரெண்டு பேர் எடைக்கு செட் பண்ணின வண்டி. இடது சீட்ல யாரோ இருக்கணும்."

"இடது சீட்ல இருந்தது நான்தாங்க. ஓட்டினவர்தான் இப்ப இல்லை."

வாயில் இருந்து வந்த பிறகுதான் எனக்கே அது உறைத்தது. இத்தனை மாதமாக அவர் இடம் காலி, அவர் இடம் காலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் இடத்தில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேனே. காலியாகக் கிடந்தது என் இடம். அதில் உட்காருவதற்கு உலகத்தில் ஒரு ஆள் இல்லை.

அந்த வாத்தியார் 'அடடா, எப்போ, எப்படி' என்று எதுவும் கேட்கவில்லை. அதற்கு நான் இன்றைக்கும் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். திருகை இளக்கித்தான் ஆக வேண்டும், என் எடைக்கு இது ரொம்ப இறுக்கம் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதை யாரும் தொடக்கூடாது என்று வெடுக்கென்று சொன்னேன். ஏன் என்று அவர் கேட்காமலே, சட்டை, டம்ளர், சனிக்கிழமை காலை என்று முன்னும் பின்னுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். ஊர் பேர் தெரியாத ஒருவரிடம்.

"நான் தொட மாட்டேன்க்கா. நீங்களே திருப்புங்க. ஒவ்வொரு சக்கரத்துக்கும் எத்தனை டிக்னு எண்ணிக்கிட்டே இளக்குங்க. வீட்டுக்குப் போய் அதே எண்ணிக்கை திருப்பி இறுக்கிட்டா பழையபடி ஆயிடும். ஒண்ணும் போயிடாது."

நல்ல யோசனையாகப் பட்டது. பானெட்டைத் திறந்தேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஓடுகிற கார்களைப் பார்க்கிற மாதிரி நின்றார். பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். திருகின் மேல் தூசியும் எண்ணெயும் படிந்திருந்தது. என் வீட்டுக்காரர் விரல் பட்ட எண்ணெய். மனதைக் கல்லாக்கிக்கொண்டு முதல் திருகைத் திருப்பினேன். எண்ணினேன், மனதில் இருத்திக்கொண்டேன். அடுத்ததும் அப்படியே. பின்னால் போய் டிக்கியைத் திறந்து, கார்பெட்டை விலக்கி, மூன்றாவது திருகில் கை வைத்தேன்.

டிக், டிக்.

அந்தச் சனிக்கிழமை காலையில் முன் சீட்டில் நான் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தபோது முதுகுக்குப் பின்னால் கேட்ட அதே சத்தம். டிக்கி மூடி மேலே கவிந்திருந்ததால் அதே போல அமுங்கிக் கேட்டது. அவர் பின்னால் இருக்கிற மாதிரியே இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று திருப்பிக்கொண்டே இருந்தேன். அழுதுகொண்டும் இருந்திருக்கிறேன். திருகு அதற்கு மேல் போகாமல் நின்றபோதுதான் சுய நினைவு வந்தது. எத்தனை எண்ணினேன்? தெரியவில்லை. முன்னால் எண்ணியதாவது ஞாபகம் இருக்கிறதா என்று பார்த்தேன். அதுவும் குழம்பிப் போயிருந்தது.

"நீங்க எண்ணினீங்களா?" என்று அந்த வாத்தியாரைக் கேட்டேன்.

"இல்லக்கா. நீங்க எண்ணுறீங்கன்னு நான் எண்ணலை" என்றார். அவர் முகம் வெளிறிப்போயிற்று. தப்பு செய்துவிட்டவர் மாதிரி கையைப் பிசைந்தார். பாவம், அவர் என்ன செய்வார்?

கடைசித் திருகு ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அதை மட்டும் என் வீட்டுக்காரர் வைத்தபடியே விட்டுவிட்டால் என்ன என்று ஒரு சபலம். மூன்று இளகி ஒன்று இறுகி நின்றால் வண்டி எங்கே கொண்டுபோய்த் தள்ளும் என்று கொடிப் பையனின் முட்டியைப் பார்த்தாலே தெரிந்தது. அதையும், முன்னால் இருந்த இரண்டையும் கடைசி வரை இளக்கினேன். பிறகு அந்த வாத்தியார் சொல்லச் சொல்ல, நாலையும் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒரு ஆள் எடைக்கு, என் எடைக்கு வைத்தேன். டயரில் காற்றும் சிறிது குறைத்தோம்.

மூன்றாவது சுற்று. அதே இடது வளைவு. கார் மெல்ல ஒருபக்கமாகச் சாய்ந்தது. சிமென்ட் இணைப்புகளில் ஏறி இறங்கியது சொன்னால்தான் தெரியும். டயர் முனகியது, ஆனால் விடவில்லை. ஸ்டியரிங் வழியாகத் தரை என் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. ஐயோ, என்ன சுகம்! ஹெல்மெட்டுக்குள் சிரித்தேன். உடனே, சிரிக்க எனக்கு எப்படி மனது வந்தது என்று என் மேலேயே ஆத்திரம். வளைவு முடிந்து அடுத்தது வந்துவிட்டதால் அதற்கு மேல் ஆத்திரப்பட நேரமில்லை. ஒரு கூம்புகூட விழவில்லை.

எத்தனையாவது இடம் என்று நினைவில்லை. நடுவில் எங்கேயோ வந்தேன். அந்த வாத்தியார் எனக்கு முன்னால் வந்தார் என்பது மட்டும் ஞாபகம், சந்தோஷமாகவும் இருந்தது. அவருடைய பெண்டாட்டி பிள்ளைகள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். காவிரிப் பாலத்தில் வெயில் சுட்டெரித்தது. வீட்டுக்கு வந்து ஷெட்டில் காரை நிறுத்தி, இறங்கிச் சுற்றி வந்து, இடது பக்கக் கதவைத் திறந்து என் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. யாரும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

வண்டியை விற்கவில்லை. மாதம் ஒரு தடவையாவது தனியாகப் பச்சைமலை வரை போய்விட்டு வருகிறேன். நாத்தனார் இன்னும் திட்டுகிறாள். அவர் வைத்த அந்த நாலு கணக்கு என்ன என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை, அதை நினைத்து மனது வலிக்காத வாரம் இல்லை. ஆனால் அன்றைக்கு எண்ணிக்கை மட்டும் தவறாமல் இருந்திருந்தால், ராத்திரியே நாலு திருகையும் பழையபடி இறுக்கி வைத்திருப்பேன், அடுத்து வந்த ஏதோ ஒரு இடது வளைவில் நானும் போய்ச் சேர்ந்திருப்பேன் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.