றேடியோவுக்குப் பழகிய கை

"வாப்பா, தொடாதீங்க," என்று சொல்லிவிட்டு மகள் குளிக்கப் போனாள். அவளுடைய கம்பியூட்டரின் பின்பக்கத்திலிருந்து சூடேறிய தூசியின் வாசம் வந்தது. திரை அசையாமல் நின்றது. பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

அது எனக்குப் பழகிய வாசம். கடலோர ஊரான மாம்புரியில் எங்கள் வாப்பாவின் பெரிய றேடியோவும் சூடேறினால் இப்படித்தான் மணக்கும். கடல் கொந்தளிக்குமா என்று செய்தி சொல்லும் நேரம் பார்த்து ஊமையாகும். வாப்பா அடிப்பார்.

"நீங்க அடிக்கிற அடியில கடலே பயந்து அடங்கிரும்," என்று உம்மா சிரிப்பார்.

எங்கே அடித்தால் பேசும் என்று கண்டுபிடித்தவன் நான்தான். இடது மூலையில், உள்ளங்கையால், ஒரே தடவை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட என்னைத் தேடி, றேடியோ வைத்திருந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். அந்தக் கையால் உழைத்துத்தான் மூன்று இயந்திரப் படகுகள் வாங்கினேன்.

நான் தட்டியதும் கம்பியூட்டர்த் திரை கறுத்துப்போனது. மகள் ஈரத்தலையோடு ஓடிவந்தாள். பட்டப்படிப்புக்காக மூன்று மாதமாக எழுதியதெல்லாம் அதற்குள்தான் இருந்தது. வேறெங்கும் இல்லை.

"றேடியோ அடிச்சாப் பேசிச்சே மகள்?"

"றேடியோக்குள்ள ஒண்டுமில்ல வாப்பா. பேச்சு கொழும்புல இருந்து வரும். இதுக்குள்ள நான் எழுதினது இருந்திச்சி!"

பழுது பார்ப்பவரும் கைவிரித்துவிட்டார். இப்போது புதிய கம்பியூட்டரில் முதல் வரியிலிருந்து எழுதுகிறாள். ஒரு கரைக்கே காற்றுச் செய்தி கேட்கவைத்தவன் நான். அந்த அறைக்குள் நான் நுழைந்தால், அவள் எழுந்து கம்பியூட்டருக்கு முன்னால் நின்றுகொள்கிறாள்.