ரோபோ மேல் கால் பட்டால்

பார்வதி மேல் பொய் எழுதியது நீங்கள்தான், இன்ஜினியர் சார். 'வேலை போய்விடும் என்ற பயத்தில் ரோபோவை வேண்டுமென்றே நிறுத்துகிறாள்' என்று ரிப்போர்ட் கொடுத்தீர்கள். நான் படித்தேன்.

மும்பை செம்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு சூப்பர்வைசராக இருந்து ரிட்டையர் ஆனவன் நான். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களும் இதைப் படிக்கட்டும்.

என் கடைசி வருஷம் மருந்து கொண்டுபோக ரோபோ வந்தது. இடுப்பு உயரம், நாலு சக்கரம். பேச்சு கிடையாது, எல்லாம் சைகைதான். நீல விளக்கு எரிந்தால் 'வழி விடு'. நாம் அதன் தலையைத் தொட்டால் 'நில்'. நின்றால், ஆள் வந்து பட்டனை அமுக்கினால்தான் நகரும்.

முதல் வாரமே பாதி வழியில் நின்று நின்று மருந்து லேட். டாக்டர்கள் கத்தினார்கள். நின்றதெல்லாம் பார்வதி துடைக்கும் குறுகல் காரிடாரில். தாராவியிலிருந்து வருகிற ஆயா அவள். உங்கள் ரிப்போர்ட்டை வைத்து அவளை வேலையிலிருந்து எடுக்க லெட்டர் தயாரானது.

"ஏ பார்வதி, அதைத் தொட்டியா?"

"சத்தியமா தொடல அண்ணாச்சி! அதுகிட்ட எனக்கென்ன சோலி?"

மறுநாள் காலையில் காரிடாரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ரோபோ வந்தது. பார்வதி பக்கெட்டோடு சுவரோரம் ஒதுங்கினாள். கால் ரோபோவில் இடித்தது. சட்டென்று அதன் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ரோபோ நின்றது.

"இப்ப என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யலியே. கால் பட்டுட்டுல்லா, கும்பிட்டேன்."

"அது மெஷினு தாயி!"

"மருந்து சுமக்குதுல்லா அண்ணாச்சி. மிதிச்சிட்டு சும்மா போவவா?"

உங்களை ரோபோ கம்பெனியின் மாட்டுங்கா ஆபீஸிலிருந்து வரவழைத்தேன். "இதெல்லாம் ஒரு காரணமா சார்?" என்று சொல்லிக்கொண்டே ரோபோவோடு நடந்தீர்கள். உங்கள் ஷூ அதில் இடித்தது. உங்கள் கை தானாகப் போய் அதைத் தொட்டு நெஞ்சுக்கு வந்தது. ரோபோ நின்றது.

"ஏன் சார், உங்களுக்கும் வேலை போயிரும்னு பயமா?" என்றாள் பார்வதி. வார்டே சிரித்தது. நீங்களும்தான்.

இரண்டு செகண்ட் அழுத்திப் பிடித்தால் மட்டும் நிற்கும்படி மாற்றினீர்கள். லெட்டரைக் கிழித்தார்கள். மெஷினுக்கு நம் கையைப் புரியவைக்கும் முன், நம் கை என்னென்ன செய்யும் என்று நின்று பார்க்க வேண்டும். நான் கற்றது அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் 'சென்சார் கோளாறு சரிசெய்யப்பட்டது' என்று எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். பழைய ரிப்போர்ட் பார்வதி ஃபைலில் அப்படியே கிடக்கிறது. அதைக் காட்டித்தான் இன்றுவரை அவளைப் பெர்மனென்ட் ஆக்காமல் இழுக்கிறார்கள்.

அடுத்த ஸ்டாஃப் மீட்டிங்குக்கு வாருங்கள். எல்லார் முன்னாலும் எழுந்து பதில் சொல்லுங்கள்: 'வேண்டுமென்றே' என்று எதைப் பார்த்து எழுதினீர்கள்?